லோடு பாக்ஸும் பாக்கியம் அம்மா வைத்த பொட்டும்

போன வாரம் எங்கள் பழைய கம்பெனியில் ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர் பார்த்த சர்வீஸ் பெஞ்ச் ஆட்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. லோடு பாக்ஸோடு கொடுக்கும் கையேட்டின் ஒரு பக்கம். "இந்தக் கருவியின் மேல் குங்குமம், சந்தனம் முதலிய பூஜைப் பொருள்களைப் பூசக் கூடாது. பூசினால் கியாரண்டி செல்லாது" என்று ஆங்கிலத்திலும் இந்தியிலும் மராத்தியிலும் அச்சடித்திருக்கிறார்கள். அதன் கீழே வரிசையாகச் சிரிக்கும் மூஞ்சிகள். எனக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்தவர்களில் ஒருவர் கேட்டிருந்தார்: "சார், இது உங்க டைம்ல நடந்ததாமே? யாரு அந்த ஆண்டி? டப்பாக்குள்ள குங்குமத்தக் கொட்டிட்டாங்களாமே?"

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்த ஆண்டிக்குப் பெயர் இருக்கிறது. பாக்கியம். மும்பையில் ஆண்டாப் ஹில்லில் இருக்கிறார். அவர் டப்பாவுக்குள் எதையும் கொட்டவில்லை. இதை நான் ரிட்டயர் ஆவதற்கு முன்னால் எத்தனையோ பேரிடம் வாய் வலிக்கச் சொல்லியாகிவிட்டது. உண்மை பெஞ்சைத் தாண்டவில்லை, பொய் மட்டும் அச்சேறி, பெட்டிக்குப் பெட்டி இலவசமாக ஊரெல்லாம் போய்க்கொண்டிருக்கிறது. "அப்படின்னா நடந்ததை எழுதுங்க சார், இங்கிலீஷ்ல எழுதினா எல்லாரும் படிப்போம்" என்றார்கள். எழுதுகிறேன். ஆனால் தமிழில்தான் எழுதுவேன். வாசிக்கத் தெரியாதவர்கள் தெரிந்தவர்களிடம் கொடுத்துக் கேட்டுக்கொள்ளட்டும்.

முதலில் லோடு பாக்ஸ் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். கிதார்காரர்களுக்கு வால்வு ஆம்ப்ளிஃபயர் என்றால் உயிர். கண்ணாடி வால்வுகள் வைத்த பழைய பாணிச் சாமான் அது. சிப் வந்து, கம்ப்யூட்டர் வந்து, எல்லாம் வந்த பிறகும் அதை விடமாட்டார்கள். அதை முழுக்கத் திருகி வைத்தால் குரல் லேசாகக் கிழியும். அந்தக் கிழிசலுக்காகத்தான் இத்தனை பாடு. ஆனால் முழுக்கத் திருகி வைத்துவிட்டு நம்ம ஊர் ரூமில் வாசிக்க முடியுமா? ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் குழந்தை தூங்கும், இந்தப் பக்கம் யாராவது நைட் டியூட்டி முடித்துப் படுத்திருப்பார்கள்.

சரி, சத்தம்தானே பிரச்சினை, ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு வாசிக்கலாமே என்றால் அங்கேதான் ஆபத்து. ஸ்பீக்கர் சத்தம் போடும் சாமான் மட்டுமில்லை. ஆம்ப்ளிஃபயர் தள்ளுகிற சக்தியை வாங்கிக்கொள்கிற சாமானும் அதுதான். அதைத்தான் லோடு என்கிறோம். லோடு இல்லாமல் வால்வு ஆம்ப்ளிஃபயரை ஓட்டினால், உள்ளே இருக்கும் அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மர் கருகிப் போகும். டேங்க்கில் தண்ணீர் இல்லாமல் அபார்ட்மெண்ட் சொசைட்டி மோட்டாரை ஓடவிட்டால் என்ன கதியோ கிட்டத்தட்ட அந்தக் கதி. ஸ்பீக்கருக்குப் பதிலாக அந்தச் சக்தியைச் சத்தமில்லாமல் வாங்கிச் சூடாக்கி வெளியே விடுகிற பெட்டிதான் லோடு பாக்ஸ். வெறும் ரெசிஸ்டர் வைத்தும் செய்யலாம், ஆனால் வாசிப்பவர் கைக்கு அது செத்த மாதிரி இருக்கும். ஸ்பீக்கர் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ஒவ்வொரு விதமாக முரண்டு பிடிக்கும். அந்த முரண்டையும் சேர்த்துக் காட்டுவதற்காகக் காயிலும் கண்டென்சரும் வைத்துச் செய்வது ரியாக்டிவ் லோடு பாக்ஸ். கயிறு இழுக்கும் போட்டியில் எதிரே கம்பம் நிற்பதற்கும் ஆள் நிற்பதற்கும் உள்ள வித்தியாசம். பெட்டியிலிருந்து ஒரு வயர் கம்ப்யூட்டருக்குப் போகும். வாசிப்பவர் காதில் ஹெட்போன். பக்கத்து வீட்டுக்கு எதுவும் கேட்காது.

நான் பிறந்தது தாராவியில். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தோல் கிடங்கில் வேலை பார்த்தவர். எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்து மாட்டுங்கா பக்கம் இருந்த ஒரு சர்வீஸ் கம்பெனியில் சேர்ந்தேன். அங்கேயே இருந்து ரிட்டயர் ஆனேன். கம்பெனி பெயர் வேண்டாம். கற்றுக்கொண்ட காலத்தைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. ஷாக் அடித்தது, திட்டு வாங்கினேன், கை பழகியது. ஆனால் அப்போது பெஞ்சுக்குத் தலைவராக இருந்த கோமதி மேடத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் மற்றது புரியாது.

மேடம் மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவர். ஒல்லியான உருவம், கூர்மையான மூக்கு, எந்நேரமும் பருத்திப் புடவைத் தலைப்பை இடுப்பில் சொருகியிருப்பார். யார் ஆம்ப்ளிஃபயரை ஆன் செய்யப் போனாலும் தன் இடத்திலிருந்தே, தலையைத் தூக்காமல், "லோடு?" என்று கேட்பார். ஆன் செய்பவர் "லோடு இருக்கு" என்று பதில் சொல்ல வேண்டும். அப்போதும் விடமாட்டார்.

"கண்ணால பாத்தியா, கையால பாத்தியா?"

கையால் பார்ப்பது என்றால், ஆம்ப்ளிஃபயரின் பின்னால் இருக்கும் ஜாக்கில் விரலை வைத்து, அங்கிருந்து வயரைத் தடவிக்கொண்டே போய், அது ஸ்பீக்கரிலோ லோடிலோ போய் முடிகிற இடத்தைத் தொட்டுவிட்டு வருவது. பெஞ்சில் பத்து வயர் பின்னிக் கிடக்கும், கண் ஏமாந்துவிடும், கை ஏமாறாது என்பது அவர் கட்சி. யாராவது சோம்பேறித்தனமாகப் பொய் சொன்னால் கத்தமாட்டார். எழுந்து போய் மொத்த பெஞ்சுக்கும் மெயின்ஸை அணைத்துவிட்டுக் காபி குடிக்கப் போய்விடுவார். அவர் திரும்பி வரும்வரை எல்லோரும் இருட்டில் உட்கார்ந்திருக்க வேண்டும். ஒருவன் செய்த தப்புக்கு மற்றவர்கள் அவனைப் பார்த்த பார்வையே போதும், மறுபடி செய்யமாட்டான்.

ஆயுத பூஜையன்றும் இதே சட்டம்தான். மற்ற ஒர்க்‌ஷாப்களில் எல்லாவற்றையும் கழற்றித் துடைத்துத் தனித்தனியாக சாமி முன்னால் பரப்புவார்கள். எங்களிடம் அது நடக்காது. ஆரத்தி காட்டும்போது எல்லா ஆம்ப்ளிஃபயரிலும் விளக்கு எரிய வேண்டும் என்று பையன்கள் ஆசைப்படுவார்கள். "எரியட்டும். ஆனா லோடோட எரியட்டும். ஒரு பிளக்கையும் பிடுங்கப்படாது" என்பார் மேடம். மாலையைக்கூட வயர் மேலேயே போடச் சொல்வார்.

அவர் சொன்ன இன்னொன்றும் எனக்கு மறக்கவில்லை. பெஞ்சில் இருந்த பெரிய லோடு பெட்டியின் மேல் கை வைத்துப் பார்க்கச் சொல்வார். "சுடறதா? அப்போ நன்னா இருக்கு. உள்ள அத்தனை வாட்ஸ் போயிண்டிருக்கறச்சே வெளில சில்லுனு இருந்தாதான் பயப்படணும். சூடு வெளில வரலைன்னா உள்ள என்னத்தையோ வேகவெச்சுண்டிருக்குன்னு அர்த்தம்." இதைத்தான் கம்பெனி பிற்பாடு தலைகீழாக விற்றது.

மேடம் ஓய்வு பெற்ற பிறகு பெஞ்ச் என் பொறுப்பில் வந்தது. கொரோனாவுக்குப் பிறகு எல்லோரும் வீட்டிலேயே ரெக்கார்டிங் செய்ய ஆரம்பித்தார்கள். கம்பெனிக்கும் ஆசை வந்து, சொந்தப் பெயரில் ரியாக்டிவ் லோடு பாக்ஸ் போட்டது. வேறொரு ஷெட்டில் செய்து, சீல் வைத்துக் கடைக்கு வரும். முதலில் வந்த சரக்கு நன்றாகவே இருந்தது. உள்ளே இருக்கும் ரெசிஸ்டரைப் பெட்டியின் வெறும் உலோகத்தின் மேல், நடுவில் வெள்ளைப் பசை தடவி, இறுக்கி முடுக்கியிருந்தார்கள். சூடு பெட்டிக்கு இறங்கிக் காற்றில் போய்விடும். ஆனால் வாங்கியவர்கள் "டப்பா சுடுது" என்று புகார் சொன்னார்கள். விற்பனையைக் கவனித்த மேனேஜர் சாவந்த் என்பவர், அடுத்த சரக்கு வந்தபோது விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் போட்டார்: "இப்போது சூடாவதே இல்லை!"

இதைப் பார்த்ததும் நான் கேட்டேன், எப்படிச் சூடாகாமல் இருக்கும், அந்தச் சக்தி எங்கேதான் போகும் என்று. "டிசைன் டீம் பார்த்துக்கிட்டாங்க, உங்க டிபார்ட்மெண்ட் ரிப்பேர்தானே ஷண்முகம்ஜி" என்று இந்தியில் சிரித்துக்கொண்டே சொன்னார். சீல் வைத்த பெட்டியை உடைத்துப் பார்க்க எனக்கு அனுமதி இல்லை.

அந்தச் சரக்கில் ஒன்றை வாங்கியவள்தான் செல்வி. பாக்கியம் அம்மாவின் மருமகள். செல்வி கிதார் வாசிப்பாள். விளம்பர இசை, சீரியல் பின்னணி என்று வீட்டிலிருந்தே வாசித்து அனுப்புகிற பிழைப்பு. புருஷன் கப்பலில் வேலை, வீட்டில் மாமியாரும் மருமகளும் மட்டும். ஆண்டாப் ஹில்லில் ஒற்றை ரூம். வயர் எல்லாம் மாட்டிக் கொடுக்க நானே போயிருந்தேன். அடுப்புக்கு எதிர் மூலையில்தான் இடம் இருந்தது. அங்கே சுவரில் ஒரு ஆணியில் முருகன் படம். அதன் கீழே ஆம்ப்ளிஃபயர், பக்கத்தில் லோடு பாக்ஸ். ஆம்ப்ளிஃபயரிலிருந்து பெட்டிக்குப் போகும் வயரின் இரண்டு பக்கத்து பிளக்கையும் தொட்டுக் காட்டி, "இதை மட்டும் யாரும் பிடுங்கக் கூடாது. பிடுங்கிவிட்டு ஆன் பண்ணினால் ஆம்ப்ளிஃபயர் போச்சு" என்று செல்வியிடம் சொன்னேன். அடுப்பில் ரசத்தை இறக்கிக்கொண்டிருந்த பாக்கியம் அம்மா திரும்பிப் பார்த்து, "எந்த பிளக்கு அண்ணாச்சி? இன்னொரு தடவ காட்டுங்க" என்று கிட்டே வந்து பார்த்துவிட்டுப் போனார்.

ஆயுத பூஜை முடிந்து, விஜயதசமி கழிந்த மறுநாள். எங்கள் கடை வாசலில் டாக்சி வந்து நின்றது. இரண்டு பெண்கள் ஒரே கதவு வழியாக, ஒருவர் பின் ஒருவராக, மெதுவாக இறங்கினார்கள். செல்வியின் கையில் ஆம்ப்ளிஃபயர். பாக்கியம் அம்மாவின் கையில், சேலைத் தலைப்பால் சுற்றிய லோடு பாக்ஸ். இரண்டுக்கும் நடுவில் அந்த வயர் தொங்கிக்கொண்டிருந்தது. வயர் இழுபடாமல் இருக்க, பரேடில் போகிற மாதிரி இருவரும் ஒரே நேரத்தில் காலை எடுத்து வைத்துப் படியேறினார்கள். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, மரியாதைதான் வந்தது.

"அங்கிள், நேத்து விஜயதசமின்னு புதுசா ஒரு ட்ராக் ஆரம்பிச்சேன். ஃபுல் வால்யூம்ல ரொம்ப நேரம் வாசிச்சேன். திடீர்னு சவுண்ட் போச்சு, அப்புறம் கருகின ஸ்மெல். உடனே ஆஃப் பண்ணிட்டேன். நாளைக்கு டெலிவரி, பூரா காம் அட்டக் கயா, மொத்த வேலையும் நின்னு போச்சு" என்றாள் செல்வி. "வயரக் கழட்டப் பயமா இருந்துச்சு, அப்படியே தூக்கிட்டு வந்துட்டோம்."

நான் குனிந்து பார்த்தேன். வயரின் இரண்டு முனையிலும், பிளக்கும் ஜாக்கும் சேருகிற இடத்தில், பாதி பிளக்கிலும் பாதி ஜாக்கிலுமாகப் படும்படி சந்தனம் அப்பி நடுவில் குங்குமப் பொட்டு வைத்திருந்தது. காய்ந்து கெட்டியாகி இருந்தது. ஒரு கீறல்கூட இல்லை.

"இது யார் வச்சது?"

"நான்தான் அண்ணாச்சி" என்றார் பாக்கியம் அம்மா. "பூசைக்கு முன்னாடி வச்சேன். நீங்கதான் பிடுங்கப்பிடாதுன்னு சொன்னிய. பக்கத்து வீட்டுப் பிள்ளைய வந்து நோண்டும். பொட்டு வச்ச எடத்துல யாரும் கை வைக்க மாட்டாவல்லா? அதான்."

வேலைக்கு வந்த நாள் முதல் நான் பார்த்ததில் இதைவிடப் புத்திசாலித்தனமான சீல் கிடையாது. யாராவது பிளக்கைப் பிடுங்கியிருந்தால் அந்தச் சந்தனம் உடைந்திருக்க வேண்டும். உடையவில்லை. அப்படியென்றால் பூஜைக்கு முன்னாலிருந்து அந்த நிமிடம்வரை வயர் இருந்த இடத்தில் இருந்திருக்கிறது. கோமதி மேடம் இருந்திருந்தால் அந்த அம்மாவைப் பெஞ்சிலேயே உட்கார வைத்திருப்பார்.

நான் போட்டோ எடுப்பதற்காக மொபைலை எடுக்க உள்ளே போனேன். அந்த இடைவெளியில் சாவந்த் வந்துவிட்டார். "அரே, யே க்யா ஹை? ஆம்ப் கா பூஜா கியா க்யா?" என்று ஆம்ப்ளிஃபயருக்குப் பூஜை போட்டதைக் கேலி செய்து சத்தமாகச் சிரிப்பது கேட்டது. நான் ஓடி வருவதற்குள் அவர் பெட்டிப் பக்கத்து பிளக்கைப் பிடித்து ஒரே இழு. சந்தனம் பொலபொலவென்று உதிர்ந்து, கொஞ்சம் மேஜையிலும் கொஞ்சம் ஜாக் ஓட்டையின் வாயிலும் விழுந்தது. அதை டார்ச் அடித்துக் காட்டி, "தேகோ, பவுடர் அந்தர் சலா கயா" என்றார். பொடி உள்ளே போய்விட்டதாம். அவர் கையால் உள்ளே தள்ளிய தூளை, அவரே போட்டோ எடுத்தார்!

"சார், நீங்க இழுத்ததாலதான் விழுந்தது" என்றேன். காதில் வாங்கவே இல்லை. பூஜைப் பொடி போனால் ஷார்ட் ஆகும், இது கியாரண்டியில் வராது என்று செல்வியிடம் இந்தியில் விளக்க ஆரம்பித்துவிட்டார். அவள் மாமியாரைத் திரும்பிப் பார்த்தாள். பாக்கியம் அம்மாவுக்கு இந்தி அரைகுறை. ஆனால் எல்லோரும் தன்னைப் பார்க்கிறார்கள் என்பது புரிந்துவிட்டது. கையில் ஒட்டியிருந்த சந்தனத் துணுக்கைச் சேலையில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அவர்களை அனுப்பிவிட்டு, யாரிடமும் கேட்காமல் சீலை உடைத்துப் பெட்டியைத் திறந்தேன். அந்த ஜாக், சுற்றிலும் பிளாஸ்டிக் மூடிய ஜாக். ஓட்டை வழியாக எதைக் கொட்டினாலும் அதற்குள்ளேயே தங்கும், பெட்டிக்குள் இறங்க வழியே இல்லை. உள்ளே ஒரு பொட்டுக் குங்குமம் கிடையாது. இருந்தது வேறு. ரெசிஸ்டரின் முனையிலிருந்து வயர் விடுபட்டு அந்தரத்தில் நின்றது. அதன் நேர் கீழே, பெட்டியின் அடியில், உருகி விழுந்து உறைந்த ஈயம் மணி மணியாகக் கிடந்தது. ரெசிஸ்டரைக் கழற்றினேன். அடியில் பசையே இல்லை. பெட்டியின் உட்புறம் முழுக்க, பார்க்க அழகாக, கெட்டியாகக் கறுப்புப் பெயிண்ட். அந்தப் பெயிண்ட் மேல் ரெசிஸ்டரை வைத்து முடுக்கியிருக்கிறார்கள். பெயிண்ட் சூட்டைத் தடுத்துவிட்டது. பெட்டி வெளியே சில்லென்று இருந்தது, உள்ளே பற்றவைத்த ஈயமே உருகிவிட்டது. ஈயம் உருகியதும் வயர் விட்டது. வயர் விட்டதும் ஆம்ப்ளிஃபயருக்கு லோடு இல்லை. லோடு இல்லாததால் ட்ரான்ஸ்ஃபார்மர் கருகியது. இதுதான் அந்த 'சூடாவதே இல்லை' பெட்டியின் ரகசியம். கேட்டால் டிசைன் டீமாம்!

ஒரு பெட்டியை வைத்துப் பேசினால் தப்பித்துக்கொள்வார்கள் என்று ஸ்டோரிலிருந்து அதே சரக்கில் புதுப் பெட்டி ஒன்றை எடுத்து வந்தேன். பெஞ்ச் ஆம்ப்ளிஃபயருக்குச் சேதம் வராதபடி பாதுகாப்புச் செய்துகொண்டு, அதில் மாட்டி முழுக்கத் திருகினேன். சாவந்தைக் கூப்பிட்டேன். டீ கிளாஸோடு வந்து நின்றார். "மேலே கை வையுங்கள்" என்றேன். வைத்தார். "படியா, தண்டா ஹை" என்று, சில்லென்று இருப்பதைப் பெருமையாகச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் வார்னிஷ் கருகும் வாடை வந்தது. அப்புறம் மீட்டரில் முள் ஒரேயடியாகச் சாய்ந்தது. மூடியைத் திறந்து காட்டினேன். அதே இடத்தில் வயர் விட்டுப்போயிருந்தது, அதே இடத்தில் ஈயம் விழுந்து கிடந்தது. குங்குமத்தின் வாடைகூடப் படாத பெட்டி.

அவர் அதிர்ச்சி அடைவார், வெட்கப்படுவார் என்று எதிர்பார்த்தேன். டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, "மாலும் ஹை, ஷண்முகம்ஜி. பெயிண்ட் கா லஃப்டா மாலும் ஹை. அடுத்த லாட்டுல சரி பண்ணச் சொல்லியாச்சு" என்றார்.

பெயிண்ட் கோளாறு அவருக்குத் தெரியும்! தெரிந்துகொண்டுதான் டார்ச் அடித்துப் போட்டோ எடுத்தார். தெரிந்துகொண்டுதான் அந்த அம்மா முன்னால் நின்று பொடி, பொடி என்று பாடம் நடத்தினார். எனக்கு வந்த கோபத்தில் வார்த்தை தமிழிலா இந்தியிலா வந்தது என்றே தெரியவில்லை. அவருக்குப் புரிந்தது என்பது மட்டும் தெரியும், ஏனென்றால் கிளாஸைக் கீழே வைத்தார். வாடிக்கையாளர் தவறு என்று எழுதிய சர்வீஸ் ரிப்போர்ட்டில் என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார். மாட்டேன் என்றேன். வேறு ஒருவரைப் போட வைத்தார். பிறகு, எனக்குப் பெரிய உபகாரம் செய்கிற தோரணையில், "சலோ, குட்வில் மே கர் தேங்கே" என்றார். அதாவது தப்பு வாடிக்கையாளருடையதுதான், இருந்தாலும் நல்ல மனசு பண்ணி ஆம்ப்ளிஃபயரைச் சரிசெய்து கொடுத்து, பெட்டியையும் மாற்றித் தருகிறார்களாம். செல்வி வீட்டுக்கும் போனில் அப்படியே சொல்லிவிட்டார்கள். திருடியவன் பர்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தர்மம் செய்ததாகச் சொல்லிக்கொள்வது போல.

ட்ரான்ஸ்ஃபார்மரை நானே மாற்றினேன். ஆம்ப்ளிஃபயரைக் கொண்டுபோய்க் கொடுக்கவும் நானே போனேன். செல்வியின் அந்த டெலிவரி கைவிட்டுப் போயிருந்தது. அந்த இசையமைப்பாளர் வேறு ஆளை வைத்து முடித்துக்கொண்டாராம். ரூமுக்குள் நுழைந்ததும் எனக்கு ஏதோ மாறியிருப்பதாகப் பட்டது. மூலைக்குக் குறுக்கே ஒரு பெட்ஷீட்டைத் திரையாகக் கட்டியிருந்தார்கள். முருகன் படம் அங்கே இல்லை. எதிர்ப்பக்கம், கேஸ் சிலிண்டருக்கு மேலே, பாத்திர ஸ்டாண்டில் சாத்தி வைத்திருந்தது. பழைய ஆணி மட்டும் சுவரில் நீட்டிக்கொண்டிருந்தது.

"படத்த ஏன் மாத்திட்டீங்க?" என்று கேட்டேன்.

"அந்த மூலைக்கு நான் போறதில்ல அண்ணாச்சி" என்றார் பாக்கியம் அம்மா. "விளக்கு ஏத்தணும்னா அங்கன போகணும்லா. இவ பொழப்பே அதுலதான் இருக்கு. நான் பொட்டு வச்சுக் கெடுத்துட்டேனே."

செல்வி தலையைக் குனிந்துகொண்டாள். "நான் ஒண்ணும் திட்டல அங்கிள். இனிமே இந்தப் பக்கம் வராதீங்க அத்தைன்னு மட்டும்தான் சொன்னேன்." ஒற்றை ரூமில் 'இந்தப் பக்கம்' என்பது எவ்வளவு பெரிய பக்கம் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

பெயிண்ட், ஈயம், பசை எல்லாவற்றையும் இருவருக்கும் சொன்னேன். செல்விக்குப் புரிந்தது. அங்கேயே மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டு, "சாரி அத்தை" என்றாள். பாக்கியம் அம்மா நான் சொன்னதை எல்லாம் பொறுமையாகக் கேட்டார். பிறகு கேட்டார்:

"நீங்க நல்ல மனசுல சொல்லுதிய அண்ணாச்சி. தப்பு எம்மேல இல்லன்னா, எதுக்கு அவிய 'போனாப் போகுது'ன்னு சொல்லி அனுப்பினாவ?"

குட்வில் என்ற ஒரு வார்த்தையில் அவர் பிடித்த பிடி அது. தப்பு கம்பெனியுடையது என்றால் மன்னிப்புக் கேட்டிருப்பார்கள், மன்னித்து அனுப்பியிருக்க மாட்டார்கள். அவ்வளவு நேரான கணக்கு.

"கம்பெனிக்காரவளே எழுதித் தருவாவளா, பொட்டுனால இல்லன்னு? தந்தா நம்புதேன்" என்றார்.

கேட்டேன். சாவந்திடம் கேட்டேன், அவருக்கு மேலே இருந்தவரிடம் கேட்டேன். எழுதிக் கொடுத்தால் மற்ற பெட்டிகளை வாங்கியவர்களும் கிளம்பி வந்துவிடுவார்கள் என்றார்கள். பாருங்கள், மற்ற பெட்டிகளும் அப்படித்தான் இருக்கின்றன என்பதை எவ்வளவு அழகாக ஒப்புக்கொள்கிறார்கள்! அடுத்த சரக்கில் சத்தமில்லாமல் பெயிண்டைச் சுரண்டி, பசை தடவினார்கள். விளம்பரத்திலிருந்து 'சூடாவதே இல்லை' காணாமல் போனது. ஏற்கெனவே விற்ற பெட்டிகளைத் திரும்பக் கேட்கவில்லை. அதே நேரத்தில் கையேட்டில் இந்தக் குங்கும வரி ஏறியது. செல்விக்கு மாற்றித் தந்த பெட்டியோடு போனதும் அந்தப் புதுக் கையேடுதான். பக்கத்து வீட்டுப் பெண் அதை எடுத்து இந்தியில் சத்தமாக வாசித்துவிட்டு, "ஆண்டி, ஆப் தோ ஃபேமஸ் ஹோ கயே", நீங்கள் பிரபலமாகிவிட்டீர்கள் என்று சிரித்திருக்கிறாள். அடுத்த தடவை நான் போனபோது பாக்கியம் அம்மா அந்தப் பக்கத்தை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"அச்சடிச்சே போட்டுட்டாவளே அண்ணாச்சி" என்றார்.

அதற்கப்புறம் நான் எவ்வளவு சொன்னாலும் எடுபடவில்லை. அச்சில் வந்ததை வாயால் சொல்லி அழிக்க முடியவில்லை. செல்வி பெட்ஷீட்டைக் கழற்றிவிட்டாள், படத்தை மாட்டுங்கள் அத்தை என்று கெஞ்சியும் பார்த்துவிட்டாள். படம் சிலிண்டர் மேலேயேதான் இருக்கிறது. நவராத்திரிக்கு நவராத்திரி, அந்த அம்மா வீட்டில் எல்லாவற்றுக்கும் பொட்டு வைக்கிறார், கிரைண்டருக்கு, மிக்ஸிக்கு, தையல் மிஷினுக்கு. அந்த மூலைக்கு மட்டும் வைப்பதில்லை.

அதனால்தான் இதைத் தமிழில் எழுதினேன். பாக்கியம் அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது, இந்தியோ மராத்தியோ வாசிக்க வராது. அவர்மேல் பழி சுமத்திய மூன்று மொழிகளில் ஒன்றைக்கூட அவரால் வாசிக்க முடியாது. ஆனால் தினமும் காலையில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தமிழ்ப் பேப்பரை ஒரு வரி விடாமல் வாசிப்பார். எங்கள் வட்டாரத் தமிழ் இதழில் இதை அச்சில் போடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். போட்டதும் நானே கொண்டுபோய் அவர் கையில் கொடுப்பேன். வாட்ஸ்அப்பில் சிரித்தவர்களும் வாசித்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கம்பெனியின் சர்வீஸ் பெஞ்சுக்குப் பொறுப்பாளனாக இருந்த சண்முகவேல் ஆகிய நான் எழுதுவது: ஆண்டாப் ஹில் பாக்கியம் அம்மா வைத்த சந்தனமும் குங்குமமும் லோடு பாக்ஸுக்குள் போகவில்லை. அந்தப் பெட்டி கெட்டுப்போனதற்குக் காரணம் அதைத் தயாரித்தவர்களின் தவறு. பிளக் கடைசிவரை பிடுங்கப்படவில்லை என்பதற்கு இருந்த ஒரே சாட்சி அவர் வைத்த பொட்டுதான், அதை என் கம்பெனி உடைத்தது.

அம்மா, படத்தைப் பழைய இடத்திலேயே மாட்டுங்கள். ஆணியை யாரும் பிடுங்கவில்லை.